பந்து மலைப்பாம்பின் தொட்டியில் ரப்பர் மரத்தூள் போடலாமா?

சிப்புட் தோட்டத்தான்:

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில், முன்பு தோட்ட லயங்கள் இருந்த இடத்திற்கு அருகில் கட்டப்பட்ட வீடொன்றில் பெற்றோருடனும் அக்காள் குடும்பத்துடனும் வசிக்கிறேன். சென்ற மாதம் ஈப்போவிலுள்ள ஒருவரிடமிருந்து ஒரு வயதுப் பந்து மலைப்பாம்பு ஒன்றை வாங்கினேன். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெற வேண்டிய உரிமத்தை முறையாக எடுத்துவிட்டேன். இப்போது எனக்கிருக்கும் குழப்பமெல்லாம் தொட்டியின் அடியில் எதை விரிப்பது என்பதுதான்.

தொட்டி 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடித் தொட்டி. மேலே கம்பி வலை மூடியும் அதன்மேல் ஒரு சூட்டு விளக்கும் உள்ளன. முதல் நாளிலிருந்து பழைய நாளிதழ்த் தாளைத்தான் விரித்து வருகிறேன். ஆனால், போன வாரம் பாம்பு சட்டை உரித்தபோது தோல் முழுதாகக் கழலாமல் துண்டு துண்டாக வந்தது. வலது கண்ணின்மேல் பழைய தோலின் மூடி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிகிறது. வீட்டிற்குள் ஈரப்பதம் 80 விழுக்காடு இருக்கும்போதும் தொட்டிக்குள் 50ஐத் தாண்டுவதில்லை என்பது எனக்குப் புரியாத புதிராக இருக்கிறது.

என் சித்தப்பா மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்கிறார். ரப்பர் மரத்தூள் மூட்டை மூட்டையாக இலவசமாகக் கிடைக்கும் என்கிறார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய என் தந்தையார், "அந்த மரத்தைத் தொட்டுத் தொட்டுத்தானே உங்களையெல்லாம் வளர்த்தேன், அதில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது?" என்று கேட்கிறார். அம்மாவோ பூச்சி அண்டாமலிருக்க வேப்பிலையைப் பரப்பச் சொல்கிறார். நகரத்துக் கடையில் வெள்ளெலிகளுக்கென்று பைன் மரச்சீவல் விற்கிறார்கள். வீட்டின் பின்புறம் செம்பனைக்கு அடியில் நல்ல கறுப்பு மண்ணும் இருக்கிறது. இவற்றில் எது பாம்புக்குப் பாதுகாப்பானது? அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால், வீட்டில் உள்ளவர்களுக்கும் என்னால் எடுத்துச் சொல்ல முடியும்.

பகாவ் வாசி:

தம்பி, உங்கள் தந்தையார் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் ரப்பர் மரத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால், ஆலைக்குள் போகும் மரம் வேறு, ஆலையிலிருந்து வெளிவரும் மரம் வேறு. நான் மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றில் பதினோராண்டுகள் வேலை செய்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பால் சுரப்பு குறைந்து, 25 முதல் 30 வயதில் வெட்டப்படும் ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். அதனால் வெட்டிய சில நாட்களுக்குள்ளேயே பலகையில் நீலக்கறைப் பூசணம் படரும்; மரத்தைத் துளைத்து மாவாக்கும் வண்டுகளும் வந்துவிடும். இதைத் தடுப்பதற்காகவே அறுத்த பலகையை உடனுக்குடன் இரும்பு உருளைக்குள் அடுக்கி, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துவார்கள். அதன் பிறகுதான் சூளையில் உலர்த்துவார்கள். கரப்பான் பூச்சியைக் கொல்ல நாம் சமையலறை மூலையில் வைக்கும் மருந்திலும் இதே போரிக் அமிலம்தான் இருக்கிறது. மரத்துக்குள் இருக்கும்வரை அது பெரிய தொல்லை தராது. ஆனால் நீரில் கரையக்கூடிய பொருளாதலால், ஈரமான விரிப்பின்மேல் இரவும் பகலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஓர் உயிருக்கு அதை அடியில் பரப்புவதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது.

மருந்து ஏற்றுவதற்கு முன் அறுக்கப்படும் பச்சை மரத்தின் தூளைக் கேட்டு வாங்கலாமே என்று உங்கள் சித்தப்பா சொல்லக்கூடும். அது பாம்பின் தொட்டிக்குள் மூன்று நாட்களில் பூசணம் பிடிக்கும். மேலும், ஆலையில் தூளை உறிஞ்சும் குழாய் எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவானது. மரத்துகளைப் பிசினால் ஒட்டிச் செய்யும் அமுக்குப் பலகையை அறுத்த தூளும் அதில் கலந்திருக்கும். அந்தப் பிசினில் ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சுப் பொருள் இருக்கிறது. அந்த மூட்டையில் என்னென்ன இருக்கிறது என்பதை ஆலை முதலாளியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தூள் மிக நுண்ணியதாக இருப்பதால் பாம்பின் மூக்கிலும், மேலுதட்டு ஓரத்தில் வெப்பத்தை உணரும் குழிகளிலும் அடைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புதிருக்கு விடை அந்த விளக்கில்தான் இருக்கிறது. காற்று சூடாகும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சூடான காற்றும் வலை மூடி வழியாக ஓயாமல் வெளியேறுகிறது. மூடியில் முக்கால் பங்கை மறைத்துவிட்டுக் கால் பங்கைக் காற்றோட்டத்திற்கு விடுங்கள். மறைப்பதற்கு எளிதில் தீப்பற்றாத பொருளையே பயன்படுத்துங்கள். விளக்கு இருக்கும் பகுதியைத் திறந்தே விட வேண்டும். தொட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸும் குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 பாகையும் இருந்தால் போதுமானது. தகரக் கூரை வீடாக இருந்தால் நண்பகலில் அறையே அந்தச் சூட்டை எட்டிவிடும் என்பதால், விளக்கைக் கட்டாயம் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் ஒரு தெர்மோஸ்டாட்டுடன் இணைத்து வையுங்கள்.

தைப்பிங் கால்நடைச் செவிலி:

வணக்கம் தம்பி. நான் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். முதலில் அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூடியை நகத்தாலோ ஊசியாலோ எடுக்க முயல வேண்டாம். பாம்பிற்கு இமை கிடையாது. கண்ணின்மேல் உள்ள அந்த ஒளிபுகும் செதில்தான் அதற்குக் காப்பு. பழையது என்று நினைத்துப் புதியதையே பிய்த்துவிட்டால் கண்ணே போய்விடும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பாம்பு நுழையும் அளவு துளையிட்டு, உள்ளே நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் என்னும், ஈரத்தைப் பிடித்துவைக்கும் பாசியை நிரப்பி, தொட்டியின் சூடான பக்கத்திற்கும் குளிர்ந்த பக்கத்திற்கும் நடுவில் வையுங்கள். பெரும்பாலும் அடுத்த சட்டையோடு அதுவும் கழன்றுவிடும். இரண்டு முறை உரித்தும் நீங்காவிட்டால் ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

பைன் சீவலை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பைன், சீடார் ஆகிய மரங்களுக்கு அந்த மணத்தைத் தருபவை அவற்றிலிருந்து ஆவியாகும் எண்ணெய்களே. இரண்டில் சீடார் மிகவும் கொடியது. அதை எந்த ஊர்வனவற்றுக்கும் பயன்படுத்தக் கூடாது. பைனைச் சூளையில் உலர்த்தினால் அந்த ஆவி பெருமளவு குறையும் என்பது உண்மைதான். அதைப் பயன்படுத்தும் வளர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். ஆனால், கடையில் பெரிய பையைப் பிரித்துச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கும் சீவல் எப்படி உலர்த்தப்பட்டது என்பதை யாரால் சொல்ல முடியும்? பாம்பிற்கு நம்மைப் போல் உதரவிதானம் இல்லை. சளி சேர்ந்தால் இருமி வெளியேற்ற அதனால் இயலாது. மூச்சுக்குழல் எரிச்சலுற்று நோய்த்தொற்று வந்த பாம்புகளை நான் பார்த்திருக்கிறேன். வாயோரத்தில் நுரை, மூச்சில் சீழ்க்கை ஒலி, தலையை மேலே தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு விடுதல் ஆகிய அறிகுறிகள் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

இதே காரணத்தால், உங்கள் தாயார் அன்போடு சொல்லும் வேப்பிலையையும் தொட்டிக்குள் போட வேண்டாம். கற்பூரம், அந்துருண்டை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. புகை அடங்கும்வரை பாம்பிருக்கும் அறையின் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வையுங்கள். டெங்கிக்காகத் தெருவில் புகை அடிக்க வரும் நாளில் மட்டும், புகை வீட்டிற்குள் வருவதற்கு முன்பே பாம்பைத் துணிப்பையில் கட்டி வேறு வீட்டிற்குக் கொண்டுசென்றுவிடுங்கள்.

தாளை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிடவும் வேண்டாம். புதிதாக வாங்கிய பாம்பிற்கு முதல் ஒன்றிரண்டு மாதங்கள் வெள்ளைத் தாளே சிறந்தது. கழிவின் நிறம், தன்மை எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். சிற்றுண்ணி இருந்தால் கரும்புள்ளிகளாக ஊர்வதும், நீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் போல் மிதப்பதும் உடனே கண்ணில் படும். மண்ணோ நாரோ போட்டுவிட்டால், உண்ணி அதற்குள் முட்டையிட்டுப் பெருகும்வரை உங்களுக்குத் தெரியவராது. ஆகவே இன்னும் ஒரு மாதம் தாளையே வைத்துக்கொண்டு, ஈரத்திற்கு அந்தப் பாசிப் பெட்டியை நம்புங்கள்.

சிப்புட் தோட்டத்தான்:

பகாவ் அண்ணனுக்கும் செவிலி அக்காவுக்கும் மிக்க நன்றி. அண்ணன் எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மரத்திற்கு மருந்து ஏற்றுவதைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றியதோடு தோட்டத்துக்காரர்களின் வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

ஒரு மாதத்திற்குப் பிறகு தென்னை நார்த்தூளுக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். பூச்செடிக் கடையில் கிடைக்கும் நார்த்தூளை அப்படியே போடலாமா? எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும்? அமெரிக்க வளர்ப்பாளர்கள் பலரும் புகழும் ஆஸ்பென் மரச்சீவலைப் பற்றியும் அறிய விரும்புகிறேன்.

குளுவாங் பாம்புப் பிரியன்:

ஆஸ்பென்னைப் பற்றி நான் சொல்லலாம், ஏனென்றால் அதற்கான விலையை என் பாம்பு கொடுத்தது. என்னிடமிருப்பது சோளப் பாம்பு. வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இனம், 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதமே அதற்குப் போதும். ஆஸ்பென் மணமற்றது, எண்ணெயற்றது, பாம்பு அதில் வளை தோண்டி மகிழ்ச்சியாக இருக்கும், நல்ல பொருள்தான். ஆனால், நனைந்தால் அது தாங்காது. தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போய் மூன்று நாள் கழித்து வீடு திரும்பியபோது, பாம்பு நீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்திருந்தது. சீவல் முழுவதும் வெண்பூசணம் படர்ந்து புளித்த வாடை வீசியது. பாம்பின் வயிற்றுச் செதில்கள் ஏழெட்டு பழுப்பாகி, இரண்டில் நீர்க்கொப்புளம் எழும்பியிருந்தது. செதில் அழுகல் என்றார் மருத்துவர். ஆறு வாரம் மருந்து பூசி, வெறும் தாளில் வைத்துப் பார்த்துத்தான் அதைக் காப்பாற்றினேன். கனமான மண் கிண்ணம் ஒன்றை வைத்திருந்தால் அந்தத் துன்பம் வந்திருக்காது என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. 60 முதல் 80 விழுக்காடு ஈரப்பதம் தேவைப்படும் உங்கள் பாம்பிற்கு ஆஸ்பென் பொருந்தவே பொருந்தாது.

பந்து மலைப்பாம்பு மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில், எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் உயிர். வெளியே வெயில் காய்ந்தாலும் வளைக்குள் ஈரம் இருக்கும். கீழே ஈரமும் மேலே உலர்வும்: விரிப்பில் நாம் உருவாக்க வேண்டியதும் இதுவே. தென்னை நார்த்தூள் அதற்கு ஏற்றது. நம் ஊரில் மலிவும்கூட.

பூச்செடிக் கடையில் வாங்கும்போது உரம் கலக்காத கட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பையில் வெள்ளை மணிகளோ பச்சை, மஞ்சள் உருண்டைகளோ தெரிந்தால் அது உரம் கலந்தது, தொட வேண்டாம். தென்னை பெரும்பாலும் பாகான் டத்தோ போன்ற கடலோரங்களில் விளைவது. மட்டையை உவர்நீரில் ஊற வைப்பதும் உண்டு. அதனால் தூளில் உப்பு தங்கியிருக்கலாம். கொதிநீர் ஊற்றி ஊற வைத்து, ஆறியபின் துணியில் கட்டி மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழியுங்கள். கொதிநீரால் சிறு பூச்சிகளும் அழிந்துவிடும்.

650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் ஏறக்குறைய 8 லிட்டர் தூளாகும். உங்கள் தொட்டியில் 6 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்ப 24 லிட்டர் வேண்டும். ஆகவே மூன்று கட்டி போதும். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. பிறகு ஈரம் குறையும்போது மேலே தெளிக்காமல், தொட்டியின் நான்கு மூலைகளிலும் சிறிதளவு நீரை மெதுவாக ஊற்றுங்கள். அது அடியில் பரவும். பாம்பு படுக்கும் மேற்பரப்பு காய்ந்தே இருக்கும். என் பாம்பிற்கு வந்த நோய் மேற்பரப்பின் ஈரத்தால் வந்தது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தூள் முற்றிலும் உலர்ந்துவிட்டாலும் தூசியாகப் பறக்கும். அதைத் தவிர்க்க, இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டுகளைக் கலக்கலாம்.

உறையவைத்த எலியைப் பனியுருக்கிக் கொடுக்கும்போது ஈரம் போகத் துடைத்து, இடுக்கியால் கொடுங்கள். ஈர எலியில் ஒட்டிக்கொண்டு ஒன்றிரண்டு நார் உள்ளே போனால் கழிவோடு வெளியேறிவிடும். மணலும் சரளைக் கல்லும் அப்படியல்ல; குடலில் தங்கி அடைத்துக்கொள்ளும்.

மருந்தடித்தவள் மகள்:

செம்பனை மண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். என் தாயார் இருபத்திரண்டு ஆண்டுகள் தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு செம்பனையின் தூரைச் சுற்றியும் வட்டமாகக் களைக்கொல்லி தெளிப்பதே அவர் வேலை. பழக்குலை விழும் இடத்தில் புல் இருக்கக் கூடாது என்பதற்காக, ஆண்டுக்குப் பல முறை அதே வட்டத்தில் அடிப்பார்கள். நீங்கள் நல்ல கறுப்பு மண் என்று சொல்லும் இடம் அந்த வட்டமாகத்தான் இருக்கும். 2020 சனவரி 1 முதல் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், அந்த மருந்து மண்ணோடு இறுகப் பிணைந்து ஆண்டுக்கணக்கில் தங்கும் தன்மை கொண்டது. மற்ற களைக்கொல்லிகளின் பயன்பாடு இன்றும் தொடர்கிறது. என் தாயாரின் கை நகங்கள் எப்படி இருந்தன என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மண்ணை எந்த உயிருக்கும் படுக்கையாகப் போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் எலிக்கு வைக்கும் மருந்துக் கட்டி, இரத்தம் உறையாமல் செய்து கொல்வது. அதைத் தின்ற எலி சாவதற்குச் சில நாட்களாகும். அதுவரை வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வீட்டுப் பின்புறம் பிடித்த எலியைப் பாம்பிற்குக் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பு வராமலிருக்க வீட்டைச் சுற்றிக் கந்தகம் தூவும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அந்தத் தூள் செருப்பில் ஒட்டிப் பாம்பின் அறைக்குள் வர வேண்டாம்.

சிப்புட் தோட்டத்தான்:

அக்கா, நீங்கள் சொன்னது சரிதான். நான் பார்த்து வைத்திருந்தது மரத்தின் தூரைச் சுற்றியுள்ள மண்ணைத்தான். அம்மாவும் திருமணத்திற்கு முன் ஓராண்டு மருந்து அடித்தவர். அதைப் படித்ததும், "அந்த மண்ணை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதே" என்று சொல்லிவிட்டார்.

இன்று மூடியை மறைத்து, பாசிப் பெட்டியும் வைத்துவிட்டேன். மாலையில் தொட்டிக்குள் ஈரப்பதம் 66 காட்டியது. பாம்பு அந்தப் பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறது. தாளைத் தினமும் ஒரு முறை பார்த்து மாற்றுகிறேன். நார்த்தூளுக்கு மாறிய பிறகு எத்தனை நாளைக்கு ஒரு முறை முழுவதும் மாற்ற வேண்டும், தொட்டியை எதனால் கழுவ வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். அக்காள் மகளுக்கு மூன்று வயது. அவள் எந்நேரமும் என்னுடனேயே இருப்பாள்.

தைப்பிங் கால்நடைச் செவிலி:

கழிவையும் அதைச் சுற்றியுள்ள ஒரு கையளவு தூளையும் கண்ட உடனே எடுத்துவிடுங்கள். முழு விரிப்பையும் மாதம் ஒரு முறை மாற்றினால் போதும். பூசணமோ அமோனியா வாடையோ தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

தொட்டியைக் கழுவ, பைன் வாசனையுள்ள தரைக்கழுவியையும் நீரில் விட்டால் பாலாக வெளுக்கும் கிருமிநாசினிகளையும் பயன்படுத்தாதீர்கள். அவற்றிலுள்ள பைன் எண்ணெயும் ஃபீனால் வகைப் பொருள்களும் பாம்பிற்கு ஆகாதவை. முதலில் கழிவைச் சோப்பு நீரால் நன்றாகக் கழுவி நீக்கிவிட்டு, ஒரு பங்கு கிளோராக்ஸ் வெளுப்பானுக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து பூசி, பத்து நிமிடம் விட்டு, வாடை முற்றிலும் போகும்வரை அலசி வெயிலில் காய வையுங்கள். கழிவின் மேலேயே கிளோராக்ஸை ஊற்ற வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் வாயு உங்கள் மூச்சுக்கே கேடு.

குழந்தையைப் பற்றி நீங்களே குறிப்பிட்டது நல்லதாயிற்று. நோயே இல்லாத பாம்பின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளையும் முதியவர்களையும் அது கடுமையாகத் தாக்கும். ஆகவே நீர்க் கிண்ணத்தையும் விரிப்பையும் சமையலறைத் தொட்டியில் கழுவாமல், வீட்டிற்கு வெளியே உள்ள குழாயடியில் தனி வாளி வைத்துக் கழுவுங்கள். பழைய நார்த்தூளைக் கீரைப் பாத்தியில் கொட்ட வேண்டாம். பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். பாம்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். அவள் பார்க்க ஆசைப்பட்டால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கட்டும். பாசிப் பெட்டியின் பாசியை வாரம் ஒரு முறை மாற்றுங்கள்; கண்மூடி கழன்றதும் ஒரு வரி எழுதுங்கள்.